தடைநீக்க விண்ணப்பமும் நம் கடற்கரை இளைஞர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்கிப்பீடியாவில் இராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி எழுதிவந்த இளைஞர்கள் சிலர் அதன் கட்டுரைகளைத் தொகுக்க, அதாவது எழுதவும் திருத்தவும், முடியாதபடி தடை செய்யப்பட்டிருக்கிறார்கள் என்றும், இது நம் மாவட்டத்தின் குரலை நெரிக்கும் முயற்சி என்றும் தங்கள் வாசகர் பகுதியில் வெளிவந்த கடிதத்தைப் படித்த பின் இதை எழுதுகிறேன். அக்கடிதத்தை எழுதியவரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அவர் வந்தடைந்த முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் இப்படித் தடைக்குள்ளான பிள்ளைகள் சிலர் கைப்பேசியை நீட்டி என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு வந்த அறிவிப்பையும், அதற்கு அவர்கள் எழுதிய பதிலையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: தடை அவர்களுக்குச் செய்த கேட்டைவிட, தடையை நீக்கக் கோரி அவர்கள் எழுதிய விண்ணப்பம் செய்த கேடு பெரிது.

தடை யாரால், எதற்காக விதிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஐயங்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. 2001ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவுக்கும், 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் வேண்டிய கணினி வசதியையும் பணத்தையும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை தருகிறது என்றாலும், அன்றாடம் யாரைத் தடுப்பது, யாரை விடுவிப்பது என்பதில் அது பெரும்பாலும் தலையிடுவதில்லை. அந்த அதிகாரம் நிர்வாகிகள் எனப்படும் பயனர்களிடம் இருக்கிறது. அவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். நெடுநாள் எழுதி, மற்றப் பயனர்களின் ஆதரவைப் பெற்று அப்பொறுப்புக்கு வந்தவர்கள். அவர்கள் விதிக்கும் தடையால் ஒருவரது படிக்கும் உரிமை போவதில்லை, எழுதும் வசதிதான் நிற்கிறது. தடையைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது, மேலும் சேதம் நேராமல் காப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே எழுதிவைக்கப்பட்ட விதி. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்: இனிச் சேதம் நேராது என்று படிப்பவர் நம்பும்படி எழுதினால், தடை நீடிப்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது.

தடை அறிவிப்பை நம் பிள்ளைகள் முழுவதும் படிப்பதில்லை. சிவப்பு நிறத்தில் ஏதோ வந்தது என்றுதான் சொல்கிறார்கள். தடுத்த நிர்வாகியின் பயனர் பெயர், தடைக்கான காரணம், தடை முடியும் நாள், தடைக்குரிய எண் ஆகிய அனைத்தும் அதிலேயே இருக்கும். தடைப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது. மறைவாக யாரையும் தடுத்துவிட இயலாது. தடை முழுத் தளத்துக்கும் பொருந்துவதா, குறிப்பிட்ட சில பக்கங்களுக்கு மட்டும் பொருந்தும் பகுதித் தடையா என்பதும் அங்கேயே தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் விதிக்கப்பட்ட தடை தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தானாகப் பொருந்தாது என்பதையும் பலர் அறியாமல், எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டதாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். எல்லா மொழிகளுக்கும் சேர்த்துக் கணக்கைப் பூட்டும் முறை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பல தளங்களில் விளம்பரத்தையும் விசமத்தையும் பரப்பியவர்களுக்கானது. அதற்கு மேல்முறையீடு செய்யும் இடமும் வேறு.

நம் மாவட்டத்தைக் குறிவைத்துத் தடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் கணினிகளிலிருந்து விசமமான மாற்றங்கள் வந்தபோது, அங்கிருந்து பெயரின்றித் தொகுப்பதைப் பத்து நாள்களுக்குத் தடுத்தார்கள். 2009ஆம் ஆண்டில் சயின்டாலஜி என்னும் செல்வாக்கு மிக்க சமய அமைப்பின் கணினி முகவரிகளையே ஆங்கில விக்கிப்பீடியாவில் பயனர்களின் பூசல்களைத் தீர்த்துவைக்கும் நடுவர் குழு தடுத்தது. அப்படிப்பட்டவர்களையே தடுத்த இடத்தில், பாம்பன் இளைஞர் ஒருவரைத் தடுப்பதற்குப் பின்னால் பெரிய திட்டம் இருக்கும் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் தொடக்க காலத்தில் அதை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். பாக் நீரிணைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் உள்ளவர்கள் சேர்ந்து கட்டிய களஞ்சியம் அது. கச்சத்தீவைப் பற்றி நாம் எழுதும் வரியை அக்கரையில் ஒருவர் படித்துத் திருத்தினால் அதற்குச் சதி என்று பெயரிடுவது பொருந்தாது.

இனி, நம் பிள்ளைகள் எதனால் தடுக்கப்பட்டார்கள் என்று பார்த்தால், உண்மையான விசமம் மிகக் குறைவு. பெரும்பாலானவை ஊர்ப்பற்றினால் வந்த வினை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அப்பூங்காவில் 21 தீவுகள் உண்டு என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன என்பது கடலுக்குப் போகிறவர்கள் அறிந்தது. ஆகவே ஒருவர் 21 என்பதை 19 என்று மாற்றுகிறார். வேறொருவர் நூலைக் காட்டி மீண்டும் 21 ஆக்குகிறார். முன்னவர் சினம் கொண்டு மறுபடியும் 19 ஆக்குகிறார். இருவர் சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தால் விவகாரமே எழுந்திருக்காது. ஆனால் ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறரது மாற்றத்தை நீக்குவது ஆங்கில விக்கிப்பீடியாவில் தடைக்குரிய செயல். நீக்கியவர் சொன்ன தகவல் சரியா தவறா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு மனம் கொதிக்கிறது: "நான் சொன்னது உண்மைதானே, பிறகு ஏன் தடை?" என்கிறார்கள். உண்மையைச் சொன்னதற்காக அவர்கள் தடுக்கப்படவில்லை, சண்டையிட்டதற்காகத் தடுக்கப்பட்டார்கள்.

கச்சத்தீவுக் கட்டுரையிலும் இதே நிலை. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள், சேதுபதி சமீனின் உரிமை, மீனவர்களின் வலை உலர்த்தும் உரிமை என ஒவ்வொன்றுக்கும் இரு தரப்பிலும் சான்றாவணங்கள் இருக்கும்போது, ஒரு தரப்பை மட்டும் வைத்து மறு தரப்பை அழிப்பவர் எவராயினும் தடுக்கப்படுவார். தனுஷ்கோடியில் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவில் கடல் கொண்டுபோன தொடர்வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலும் அப்படியே. பயணச்சீட்டுக் கணக்கை வைத்துச் சொல்லப்படும் எண் ஒன்று. சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து இரு நூறை நெருங்கும் என்று சொல்லப்படுவது இன்னொன்று. தன் தாத்தா சொன்ன எண்ணைத்தான் போடுவேன் என்று ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால் அதில் எனக்கு வியப்பில்லை. அந்தப் பிடிவாதத்தை நிர்வாகி ஒருவர் தடுத்துவைத்தாலும் வியப்பில்லை.

வேறு சில காரணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் இளைஞர் மன்றம், மீனவர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, கைப்பந்துக் குழு ஆகியவற்றின் பெயரில் கணக்குத் தொடங்கி அதை நாலைந்து பேர் பயன்படுத்துவது. ஒரு கணக்கு ஒருவருக்கு மட்டும் உரியது, அமைப்பின் பெயரால் அமைந்த பயனர் பெயர் கூடாது என்பவை ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிகள். செய்தித்தாளில் வந்ததை, தங்கள் நாளிதழில் வந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து ஒட்டுவது இன்னொன்று. விக்கிப்பீடியாவில் உள்ளதை உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தின் கீழ் அது வெளியாவதால், பிறர் எழுத்தை அங்கே வைக்க நமக்கு உரிமை இல்லை. எச்சரித்த பின்னும் தொடர்ந்தால் தடை வரும்.

இவை எல்லாவற்றையும் விடக் கெடுதலானது தடைக்குப் பிறகு செய்யப்படும் செயல். ஒரு கணக்கு தடுக்கப்பட்டதும் அன்று மாலையே வேறு பெயரில் இன்னொன்றைத் தொடங்குகிறார்கள். அதுவும் போனதும் அண்ணன் பெயரில் ஒன்று, அத்தை மகன் பெயரில் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு நண்பர்களை அழைத்து அதே வரியை எழுதச் செய்கிறார்கள். இப்படிப்பட்ட கணக்குகளைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் கைப்பாவை என்கிறார்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே நடையில், ஒரே பிழைகளுடன் வரும் எழுத்தைக் கண்டுபிடிக்க அவர்களிடம் வழிகள் உண்டு. ஐயம் வலுவாக இருந்தால் தொழில்நுட்பப் பதிவுகளைப் பார்த்துச் சோதிக்கும் சிறப்பு அனுமதி பெற்ற பயனர்களும் உண்டு. முதல் தடை இரண்டு நாளில் முடிந்துபோயிருக்கும். கைப்பாவைக் குற்றச்சாட்டு வந்துவிட்டால் அது காலவரையற்ற தடையாகிவிடுகிறது. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் உண்மையாகவே எழுதுபவர்கள் என்றால், தங்கள் பயனர் பக்கத்தில் அதை முன்னரே அறிவித்துவிடுவதும், ஒருவர் பூசலில் மற்றவர் நுழையாதிருப்பதும் நல்லது.

எந்தத் தவறும் செய்யாமல் தடுக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் இணையம் என்றால் பெரும்பாலும் கைப்பேசிதான். கைப்பேசி நிறுவனங்கள், இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. தொண்டியில் கட்டுரையைக் கெடுத்தவரும் சாயல்குடியில் எழுத்துப்பிழை திருத்தியவரும் அத்தளத்தின் கண்ணுக்கு ஒரே முகவரியாகத் தெரிய வாய்ப்புண்டு. 2007ஆம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டி ஒரு விசமியைத் தடுப்பதற்காக ஒரு முகவரியை ஆங்கில விக்கிப்பீடியாவில் தடுத்தார்கள். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறத்தாழ முழுவதும் அந்த முகவரி வழியாகவே சென்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சில மணி நேரத்தில் தடையை எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டுக்கே நேர்ந்தது ஒரு தாலுகாவுக்கு நேராதா? அதேபோல், ஒரு கணக்கைத் தடுக்கும்போது அது கடைசியாகப் பயன்படுத்திய முகவரியும் 24 மணி நேரத்துக்குத் தானாகத் தடுக்கப்படும் முறை ஒன்று உண்டு. அண்ணன் செய்த காரியத்துக்கு ஒரே வைஃபையில் இருக்கும் தங்கைக்கும் அறிவிப்பு வருவது இதனால்தான்.

இப்படித் தடுக்கப்பட்டவர் செய்ய வேண்டியது எளிது. அறிவிப்பில் உள்ள காரணத்தைப் படித்தால், தடை கணக்குக்கா, முகவரிக்கா, முகவரித் தொகுதிக்கா என்பது தெரிந்துவிடும். பெயரின்றி எழுதுவதை மட்டும் தடுக்கும் தடை என்றால், கணக்கில் நுழைந்து எழுதினால் போதும். அந்த முகவரியிலிருந்து புதுக் கணக்குத் தொடங்கவும் முடியாதபடி இருந்தால், கல்லூரியிலோ நூலகத்திலோ உள்ள வேறு இணைப்பிலிருந்து கணக்கைத் தொடங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு கணக்கு தடையில் இருப்பவருக்கு இந்த வழி கிடையாது. தடை கணக்கில் நுழைந்தவர்களையும் தடுப்பதாக இருந்தால், தன் முகவரி பொதுவில் வெளியாகாதபடி தடை எண்ணை மட்டும் குறிப்பிட்டு, நெடுநாளாகத் தான் செய்த நல்ல தொகுப்புகளைக் காட்டி விலக்குக் கேட்கலாம். தடையைக் கடக்க, தன் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் வி.பி.என். செயலியைப் போட்டுக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் வழி; அத்தகைய முகவரிகள் பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கப்பட்டவை என்பதால் அது கிணற்றிலிருந்து தப்பிக் குளத்தில் விழுந்த கதையாகும்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் மனு எழுதுவது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குக் குடிநீருக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த மனுவில் நமக்கு நேர்ந்த அநீதியை முதலில் சொல்வோம். பிறகு அதற்குக் காரணமானவரைச் சொல்வோம். பிறகு எத்தனை ஆண்டுகளாக அலைகிறோம் என்பதைச் சொல்வோம். கடைசியில், நடவடிக்கை எடுக்காவிட்டால் மறியல் என்போம். ஆட்சியர் அலுவலகத்தில் இது செல்லும். விக்கிப்பீடியாவில் இதே அமைப்பில் எழுதப்பட்ட மனு, படித்த மறுகணமே நிராகரிக்கப்படும். நான் பார்த்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த அமைப்பில்தான் இருந்தன. தடுத்த நிர்வாகிக்கு உள்நோக்கம் கற்பித்தார்கள். எதிர்த்தரப்புப் பயனர் செய்த தவறுகளை அடுக்கினார்கள். கச்சத்தீவு யாருக்கு உரியது என்று மூன்று பத்திகள் எழுதினார்கள். கடைசியில் வழக்குத் தொடர்வோம் என்றார்கள். வழக்குத் தொடர்வேன் என்று தளத்தில் எழுதுவதே தனியாக ஒரு தடைக்குக் காரணம். அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும் வரை தடை நீங்காது.

அங்கே கேட்கப்படுவது வேறு. ஆங்கில விக்கிப்பீடியாவில் தடுக்கப்பட்டவர் பிற பக்கங்களில் எழுத முடியாவிட்டாலும், தன் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுதுவதற்குப் பெரும்பாலும் அனுமதி இருக்கும். தடைநீக்க வேண்டுகோளுக்கென்றே வார்ப்புரு எனப்படும் ஆயத்தப் படிவம் ஒன்று உண்டு. தடை அறிவிப்பிலேயே அது தரப்பட்டிருக்கும். அதைப் பேச்சுப் பக்கத்தில் இட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தில் தன் விளக்கத்தை எழுதிச் சேமித்தால், தடுத்தவர் அல்லாத வேறொரு நிர்வாகி வந்து அதைப் பார்வையிடுவார். அவர் தேடும் விடைகள் மூன்றுதான்: எதற்காகத் தடுக்கப்பட்டேன் என்பது இவருக்கு விளங்கியிருக்கிறதா, அதை மீண்டும் செய்ய மாட்டாரா, தடை நீங்கினால் உருப்படியாக என்ன செய்யப் போகிறார். தடையே தவறு என்றால், அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணம் தனக்கு ஏன் பொருந்தாது என்பதை, குறிப்பிட்ட தொகுப்புகளைக் காட்டி அமைதியாக எழுதலாம். அப்படி எழுதியும் தடைகள் நீங்கியிருக்கின்றன. எந்த வகையானாலும் பிறரைப் பற்றிய ஒரு வரியும் அதில் வேண்டியதில்லை.

நான் ஒரு பிள்ளைக்குப் பரிந்துரைத்த வாசகத்தை மாதிரிக்காகத் தருகிறேன். "மன்னார் வளைகுடாக் கட்டுரையில் ஒரே நாளில் நான்கு முறை பிறரது மாற்றத்தை நீக்கியதற்காகத் தடுக்கப்பட்டிருக்கிறேன். உள்ளடக்கம் சரியாக இருந்தாலும் அப்படி நீக்குவது விதிக்கு மாறானது என்பதைப் படித்து அறிந்துகொண்டேன். இனி என் மாற்றத்தை எவரேனும் நீக்கினால், மீண்டும் சேர்க்காமல், பேச்சுப் பக்கத்தில் சான்றைக் கொடுத்து உரையாடுவேன். இசைவு ஏற்படும் வரை அந்த வரியைத் தொட மாட்டேன். தடை நீங்கினால், அழகன்குளம் கட்டுரைக்குத் தொல்லியல் துறையின் அகழாய்வு அறிக்கைகளிலிருந்து சான்றுகளைச் சேர்க்க விரும்புகிறேன்." இவ்வளவுதான். இதில் கெஞ்சலும் இல்லை, வாதமும் இல்லை. பயனர் பெயருக்காகத் தடுக்கப்பட்டவர் புதுப்பெயர் ஒன்றைக் குறிப்பிட்டு மாற்றித் தருமாறு கேட்டு, அக்கணக்கை இனித் தான் ஒருவர் மட்டுமே பயன்படுத்தப்போவதாக எழுத வேண்டும். பதிப்புரிமைக்காகத் தடுக்கப்பட்டவர், பிறர் எழுத்தை எப்படிச் சொந்த நடையில் எழுதுவது என்பது தனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். நிர்வாகிகள் சில வேளைகளில் ஒரு பத்தியைக் கொடுத்து எழுதிக்காட்டச் சொல்வதும் உண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், நம் பிள்ளைகள் கூச்சப்பட்டுச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து எழுதி வாங்கி ஒட்டுகிறார்கள். பளபளப்பாக நான்கு பத்திகள் வருகின்றன. அவற்றில் செய்த காரியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் படிப்பவருக்கு எழுதியவரின் மனம் தெரிவதில்லை. தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிய ஐந்து வாக்கியங்களுக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், நிராகரித்தவர் கூறிய காரணத்துக்கு விடை சொல்லும் புதிய விண்ணப்பம் ஒன்றை எழுதலாம். தடை நடப்பில் இருக்கும் வரை பழைய விண்ணப்பத்தைப் பக்கத்திலிருந்து அழிக்கக் கூடாது. அதே வாசகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் பேச்சுப் பக்கத்தில் எழுதும் வசதியும் பறிக்கப்படும். அப்படிப் பறிக்கப்பட்ட பிறகு, தளத்துக்கு வெளியே இயங்கும் தடைநீக்க வேண்டுகோள் முறை ஒன்றின் வழியாக ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளுக்கு எழுதலாம். தொழில்நுட்பப் பதிவுகளைச் சோதித்துக் கைப்பாவை என்று முடிவு செய்து விதிக்கப்பட்ட தடைகளில் சிலவற்றுக்கு நடுவர் குழுவிடம் மின்னஞ்சலில் முறையிட வேண்டியிருக்கும். எல்லா வழியும் அடைபட்டவருக்கும் ஒரு வழக்கம் உண்டு: ஆறு மாதம் அங்கே எந்தப் பெயரிலும் எழுதாமல் இருந்துவிட்டு, பழைய நடத்தை திரும்பாது என்று உறுதி கூறி விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள். அந்த ஆறு மாதத்தை வீணாக்க வேண்டியதில்லை. நூல்களைத் திரட்டிவைக்கும் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் மெய்ப்புப் பார்ப்பதற்காகக் காத்திருக்கின்றன. படங்களுக்கான பொதுவகத்தில் நம் கரையின் வத்தைகள், வல்லங்கள், கடற்பாசி உலர்த்தும் களங்கள், 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம் ஆகியவற்றின் நல்ல படங்களைச் சேர்க்கலாம். வேறோர் இடத்தில் ஒழுங்காக உழைத்த வரலாறு விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். தமிழ் விக்கிப்பீடியா அளவில் சிறியது, நிர்வாகிகளும் குறைவு. அங்கே பேச்சுப் பக்கத்தில் நிர்வாகியிடம் நேரடியாகக் கேட்பதும், ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்தில் மற்றவர்கள் அதைப் பேசுவதும் இயல்பாக நடக்கும்.

நிர்வாகிகள் பக்கம் முழு நியாயமும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. புதியவர்களைக் கடித்துக் குதறாதீர்கள் என்பது அவர்களுக்கு அவர்களே வகுத்துக்கொண்ட நெறி. ஆனால் தடைக்கான காரணத்தை மூன்று எழுத்துச் சுருக்கமாக எழுதிவிட்டுப் போகும் வழக்கம் அதற்கு ஒத்துவரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுருக்கம் எந்த விதியைக் குறிக்கிறது என்று எப்படித் தெரியும்? விண்ணப்பங்கள் நாள்கணக்கிலும் சில வேளை வாரக்கணக்கிலும் கிடப்பதும் குறையே. அதற்கு அவர்கள் ஆள் பற்றாக்குறையைச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. இன்னொரு குறை ஆழமானது. கச்சான் காற்று எப்போது திரும்பும், கடலடிப் பாறைத்திட்டான எந்தப் பாரில் எந்த மீன் அடையும், எந்தத் தீவின் எந்த முனை கரைந்துபோனது என்பவை நம் கடலோடிகளின் நாவில் இருக்கின்றன, அச்சில் இல்லை. அச்சில் இல்லாததைக் களஞ்சியம் ஏற்பதில்லை. இந்த விதியின் தேவையை நான் ஒப்புக்கொள்கிறேன். இதனால் இழப்பு யாருக்கு என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அச்சில் இருப்பதையே நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. 1947ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் முன்பு மண்டபம் முகாமைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் தலைமையிடம் 1971ஆம் ஆண்டில் கொச்சிக்குப் போனாலும் இங்குள்ள மையம் இயங்கி வருகிறது. அதன் வெளியீடுகளில் பெரும்பகுதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தீவுகள், பவளப்பாறைகள், கடல் அட்டை, ஆவுளியா என்னும் கடற்பசு, சங்கு குளித்தல் என நம் கடலைப் பற்றி நமக்கு வேண்டிய சான்றுகளில் பல அங்கே இருக்கின்றன. 21ஆ 19ஆ என்று சண்டையிட்ட பிள்ளைகள் இருவரும் அவற்றைப் புரட்டிப் பார்த்திருந்தால், இருவர் பெயரும் இன்று தடைப் பதிவேட்டில் இராது.

இவ்விடத்தில் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தனுஷ்கோடிச் சாலையைப் பற்றியோ மூக்கையூர்த் துறைமுகத்தைப் பற்றியோ எழுதும் ஒரு பிள்ளை சான்றாகக் காட்டத்தக்கது பெரும்பாலும் தங்களைப் போன்ற நாளிதழ்களின் இராமநாதபுரம் மாவட்டப் பக்கச் செய்திதான். அச்செய்திகள் இணையத்தில் சில காலம் இருந்துவிட்டு மறைந்துபோகின்றன, அல்லது முகவரி மாறிவிடுகிறது. சான்று காணாமற்போனதும் தகவல் நீக்கப்படுகிறது. நீக்கப்பட்டதும் பிள்ளை சினம் கொண்டு திரும்பச் சேர்க்கிறது. மேலே சொன்ன வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது. மாவட்டப் பக்கச் செய்திகளை, வெளியான நாளுடனும் பக்க எண்ணுடனும், மாறாத இணைய முகவரியில் வைத்திருக்கத் தாங்கள் ஏற்பாடு செய்தால் இதில் ஒரு பகுதியாவது குறையும். பழைய இதழ்களை மாவட்ட மைய நூலகத்தில் பார்வையிட வசதி செய்து தந்தாலும் நன்று. இணைப்பு இல்லாவிட்டாலும் நாளும் பக்க எண்ணும் தெரிந்தால் அச்சிதழைச் சான்றாகக் காட்டுவதை விக்கிப்பீடியா ஏற்றுக்கொள்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.